ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்துவிட்டது: இனி எந்தச் சிகிச்சை, எந்த வரிசையில்?

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று டாக்டர் இருபது நிமிடம் பொறுமையாகப் பேசினார். வெளியே வந்ததும் பெரியப்பா, "என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டார். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் என்ற மூன்று சொற்களைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை. அந்த மூன்றுக்கும் ஒன்றோடொன்று என்ன தொடர்பு, ஏன் ஒருவருக்கு முதலில் ஆபரேஷன் செய்கிறார்கள், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏன் முதலில் கீமோ, இன்னொருவருக்கு ஏன் ஆபரேஷனே வேண்டாம் என்கிறார்கள் என்பதெல்லாம் புரிய எனக்குப் பல மாதம் ஆனது. அருப்புக்கோட்டைக்கும் மதுரைக்கும் அலைந்த அந்த மாதங்களில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் புற்றுநோய் மருத்துவர். அவர் சொல்வது உங்களுக்குப் புரியவும், சரியான கேள்வியை அவரிடம் கேட்கவும் இது உதவினால் போதும். எல்லோரும் "எந்தச் சிகிச்சை நல்லது?" என்றுதான் கேட்கிறோம். "எது முதலில், எதற்காக?" என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

முதல் வேலை: கத்தி வைப்பதற்கு முன் பயாப்சி

பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி தெரிந்ததும் ஊரில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனார். "கொழுப்புக் கட்டிதான், எடுத்துடலாம்" என்றார்கள். மரத்துப்போக ஊசி போட்டு அன்றே எடுத்தும் விட்டார்கள். பத்து நாள் கழித்துத்தான் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய், வெட்டிய ஓரத்திலும் நோய் மிச்சம் இருக்கிறது. முதலிலேயே ஊசி வைத்துச் சிறிது சதை எடுத்துப் பார்த்திருந்தால் ஒரே ஆபரேஷனில் முடிந்திருக்கும். கீமோவை முதலில் கொடுக்கலாமா என்று யோசிக்கவும் வழி இருந்திருக்கும். கட்டியை அவசரமாக எடுத்ததில் அந்த வழி அடைபட்டது.

அதனால், சந்தேகமான எந்தக் கட்டியையும் எடுக்கும் முன் பயாப்சி. மார்பகக் கட்டிக்குப் பெரும்பாலும் 'ட்ரூகட்' என்ற சற்றுப் பருமனான ஊசியால் சதைத் துணுக்குகளை எடுப்பார்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று உறவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். பெரும்பாலான புற்றுநோய்களில் அந்தப் பயம் தேவையில்லை. ஊசி குத்தக் கூடாத சில இடங்களும் உண்டு; அது எங்கே என்று புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியும். அதனால்தான் பயாப்சியையே அவர் சொல்படி செய்துகொள்வது நல்லது.

இன்னொன்று: எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சிறிய கட்டியாக வைத்திருப்பார்கள். இதற்கு 'பிளாக்' என்று பெயர். அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியது 'ஸ்லைடு'. வேறு மருத்துவமனைக்குப் போனால் இந்த இரண்டையும் கேட்பார்கள். நாங்கள் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய், பிளாக் வாங்கத் திரும்பி வந்தோம். அந்த அலைச்சலில் ஒரு வாரம் போனது. கையெழுத்துப் போட்டுக் கேட்டால் லேபில் தருவார்கள். பத்திரமாக ஒரு டப்பாவில் வையுங்கள். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

முதலில் நோயின் வகை. மார்பகப் புற்றுநோய் என்பதே ஒரே நோய் இல்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களால் வளர்கிறதா என்பதை ஈ.ஆர்., பி.ஆர். என்று குறிப்பார்கள். ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கிறதா என்பது அடுத்தது. ஹெர்-2க்கு 0, 1+ என்று வந்தால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். பெரியம்மாவுக்கு 2+ என்று நடுவில் வந்து நின்றது. அப்படி வந்தால் 'ஃபிஷ்' என்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் முடிவு சொல்வார்கள். அதைச் செய்யாமல் 2+ஐ எந்தப் பக்கமும் சேர்க்க வேண்டாம். பின்னால் வரும் மருந்துகளில் பாதி ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற இந்த மூன்றையும் பார்த்துத்தான் முடிவாகும்.

அடுத்து, கிரேடும் ஸ்டேஜும் வெவ்வேறு. கிரேடு என்பது மைக்ரோஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு மூர்க்கமாகத் தெரிகின்றன என்பது. ஸ்டேஜ் என்பது நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. பயாப்சி ரிப்போர்ட்டில் 'கிரேடு 3' என்று பார்த்துவிட்டு, மூன்றாம் ஸ்டேஜ் வந்துவிட்டது என்று பெரியப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஸ்டேஜ் தெரிய ஸ்கேன் எடுக்க வேண்டும். சிலருக்குச் சிடி ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் போதும். சிலருக்குப் பெட் சிடி கேட்பார்கள். பெட் சிடிக்குச் சர்க்கரையோடு சேர்ந்த ஒரு கதிரியக்க மருந்தை நரம்பில் போடுவார்கள். சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடம் படத்தில் ஒளிரும். அதற்குத்தான் ஆறு மணி நேரம் பட்டினி. சர்க்கரை நோயாளி என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதற்கெல்லாம் இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒவ்வொரு நாளும் நோய் வளர்கிறதே என்று மனம் பதறும். பெரும்பாலான கட்டிகளுக்கு இந்த இரண்டு மூன்று வாரம் வீண் இல்லை. தவறான ஆபரேஷனிலிருந்து காப்பாற்றுவதே இந்த வாரங்கள்தான். ஆனால் சில ரத்தப் புற்றுநோய்கள் அப்படிக் காத்திருக்காது. அட்மிட் ஆகச் சொன்னால் அன்றே ஆகிவிடுங்கள்.

எதற்காக இந்தச் சிகிச்சை என்று கேளுங்கள்

சிகிச்சை தொடங்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: "டாக்டர், இது நோயை முழுசா குணப்படுத்தவா, கட்டுக்குள் வைக்கவா, இல்ல வலி குறைக்கவா?" மூன்றுக்கும் ஒரே மருந்தைக்கூடக் கொடுப்பார்கள். ஆனால் எவ்வளவு கஷ்டத்தைத் தாங்கலாம், எவ்வளவு கடன் வாங்கலாம், எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. கேட்கவே நாக்கு எழும்பாது. எழுதி வைத்துக்கொண்டாவது கேளுங்கள்.

இன்னொரு கேள்வி: "டியூமர் போர்டில் வைத்தீர்களா?" ஆபரேஷன் செய்பவர், கீமோ கொடுப்பவர், ரேடியேஷன் கொடுப்பவர் என்று மூன்று துறை மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நோயாளிக்கு எது முதலில் என்று முடிவு செய்யும் கூட்டம் அது. ஒரே டாக்டர் தனியாக முடிவு செய்வதைவிட இது எவ்வளவோ மேல். இரண்டாவது அபிப்பிராயம் கேட்டாலும் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், கட்டாயம் இன்னொருவரிடம் கேளுங்கள்.

நோயாளியிடம் மறைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் பெரியம்மாவிடம் "கட்டி, மருந்துல கரைஞ்சுடும்" என்று சொல்லித்தான் கூட்டிப் போனோம். ஓ.பி.யில் டாக்டர், "அம்மா, உங்களுக்கு என்ன வியாதின்னு தெரியுமா?" என்று நேராகக் கேட்டார். நாங்கள் பின்னால் நின்று கையைக் காலை ஆட்டினோம். பெரியம்மா நிதானமாக, "தெரியும்யா. வாசல் போர்டுலயே போட்டுருக்கே, எனக்குப் படிக்கத் தெரியும்" என்றார். முப்பது வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவர். அன்று முதல் தன் நோட்டில் எல்லாவற்றையும் அவரே எழுதத் தொடங்கினார். மருந்தின் பெயர், தேதி, காய்ச்சல், எடை எல்லாம் அதில் இருக்கும். எங்களைவிட அவர்தான் சிகிச்சையைச் சரியாக நடத்தினார்.

ஆபரேஷன்

ஓரிடத்தில் நிற்கும் கட்டியை எடுத்துவிட ஆபரேஷன்தான் பழைய, உறுதியான வழி. கட்டியோடு சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுப்பார்கள். அந்த ஓரத்தில் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வர வேண்டும். பக்கத்து நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுத்துப் பார்ப்பார்கள்.

மார்பகத்தை முழுசாக எடுத்தால்தான் பாதுகாப்பு என்று நம் ஊரில் ஒரு எண்ணம் உண்டு. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களையும் முழுசாக எடுத்தவர்களையும் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். உயிர் பிழைப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று 2002இல் முடிவு வெளியானது. கட்டி சிறியதாக இருந்தால் மார்பகத்தைக் காப்பாற்ற முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். பெரியம்மாவுக்கு ஒரே மார்பில் இன்னொரு இடத்திலும் நோய் இருந்ததால் முழுசாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அக்குள் பக்கம் ஒரு குழாயும் அதில் ஒரு டப்பாவும் இருக்கும். அதில் சேரும் நீரைத் தினமும் அளந்து எழுத வேண்டும். பெரியம்மாவின் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது: 110, 85, 70, 45, 28. முப்பது மில்லிக்குக் கீழே வந்தபிறகு குழாயை எடுத்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அப்புறம் கைப் பயிற்சி: சுவரில் விரல்களால் ஏறுவது. வலிக்கிறது என்று கையை மடக்கியே வைத்தால் தோள் இறுகிவிடும். நெறிகளை எடுத்த பக்கத்துக் கையில் வீக்கம் வரலாம். அந்தக் கையில் அரிவாள்மனை, அடுப்பு, முள் என்று காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீங்கினாலோ சிவந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

கீமோ

மக்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆபரேஷனும் ரேடியேஷனும் ஓரிடத்தைக் கவனிப்பவை. கீமோ ரத்தத்தில் ஓடி உடம்பு முழுவதும் போகும். ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சிதறிய செல்களையும் தேடிப் பிடிக்கத்தான் அது. வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். முடி, வாய்த் தோல், எலும்பு மஜ்ஜை இவையும் வேகமாகப் பிரிபவை என்பதால்தான் முடி கொட்டுவது, வாய்ப்புண், ரத்த அணு குறைவது எல்லாம். நல்ல செல்கள் தேறி வர நேரம் வேண்டும். அதனால்தான் பல மருந்துகளை 21 நாளுக்கு ஒரு முறை கொடுக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் கீமோ கொடுத்தால், "ஆபரேஷன் பண்ண முடியாத அளவுக்கு முத்திப்போச்சோ" என்று குடும்பம் உடைந்துபோகும். பல நேரம் கட்டியைச் சுருக்கி மார்பகத்தைக் காப்பாற்றவும், மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்கவும்தான் அப்படிச் செய்கிறார்கள். மார்பகத்தைக் காப்பாற்றும் திட்டம் என்றால், கீமோவுக்கு முன் கட்டியில் ஒரு சிறு உலோக அடையாளம் வைப்பார்களா என்று கேளுங்கள். கட்டி முழுசாகக் கரைந்துவிட்டால் எந்த இடத்தை எடுப்பது என்று சர்ஜனுக்கு அதுதான் காட்டும்.

முதல் நான்கு தவணை பெரியம்மாவுக்கு டாக்சோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு. டாக்சோரூபிசினை வார்டில் எல்லோரும் 'சிவப்பு மருந்து' என்பார்கள். ரோஸ் மில்க்கைவிட அடர்த்தியான சிவப்பு. அடுத்த ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தமில்லை, பயப்பட வேண்டாம். இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடங்கும் முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும். ஏறிக்கொண்டிருக்கும்போது கை எரிந்தால் அடக்கிக்கொண்டு உட்காராமல் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். கையில் நரம்பு கிடைக்காதவர்களுக்கு நெஞ்சுத் தோலுக்கடியில், மருந்து ஏற்றுவதற்கான 'கீமோ போர்ட்' என்ற சிறு கருவியை வைப்பார்கள். நல்ல ஏற்பாடு.

முடி இரண்டாவது மூன்றாவது வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதைவிட முன்னாலேயே வெட்டிக் குட்டையாக்கிக்கொள்வது மனசுக்கு நல்லது. பெரியம்மா இருக்கன்குடிக்குப் போய் முடியிறக்கிக்கொண்டார். "ஆத்தாவுக்குக் குடுத்ததா இருக்கட்டும்" என்றார். எல்லாம் முடிந்தபிறகு முடி வளர்ந்தது, முன்பைவிடச் சுருளாக.

வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. வாந்தி வந்தபிறகு போடாமல், சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே போட வேண்டும். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா மாவும் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அடிக்கடி கொப்பளிப்பது. சாப்பாடு நன்றாக வெந்ததாக, சூடாக இருக்கட்டும். இட்லி, குழைந்த சாதம், பருப்பு, அவித்த முட்டை, பழக்கமுள்ளவர்களுக்கு மீன் குழம்பு. புரதம் குறையக் கூடாது. பத்தியம் என்று கஞ்சியோடு நிறுத்திவிட்டால் அடுத்த தவணையைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்காது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் இறங்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். இரவு இரண்டு மணியானாலும் சரி. பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் தொடங்கும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். ராத்திரியில் போக வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று முன்பே பேசி வையுங்கள். போனதும் "கீமோ போட்டு இத்தனை நாளாச்சு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பிறகு பாக்லிடாக்செல் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. அதில் வாந்தி அவ்வளவாக இல்லை, ஆனால் விரல் நுனி மரத்துப்போனது. ஒரு நாள் காலை வாசலில் கோலப்பொடி விரலிடுக்கில் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது. டாக்டரிடம் சொன்னதும் அளவைக் குறைத்தார். இதையெல்லாம் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். சட்டைப் பட்டன் போட முடியவில்லை என்று சொன்னால் அது அவருக்கு மருத்துவத் தகவல்.

ரேடியேஷன்

நம் பக்கம் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். உண்மையில் கரண்ட் இல்லை, அதிக ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்தான். முதலில் ஒரு சிடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடுவார்கள். தோலில் மையால் கோடும் புள்ளியும் வைப்பார்கள். குளிக்கும்போது அதைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குத் தலை அசையாமல் இருக்க முகத்தின் அளவுக்கே ஒரு பிளாஸ்டிக் வலை முகமூடி செய்வார்கள்.

வாரத்தில் ஐந்து நாள், தினமும் பத்துப் பதினைந்து நிமிடம். வலிக்காது. மார்பகத்துக்கு முன்பு ஐந்து வாரம் கொடுத்தார்கள். இப்போது பலருக்கும் மூன்று வாரத்தில், 15 தடவையில் முடிந்துவிடுகிறது. தோல் கறுக்கும், எரியும், களைப்பு வரும். மருத்துவமனையில் சொல்லாத எதையும் அந்த இடத்தில் பூச வேண்டாம். தொடங்கிவிட்டால் நாள் தவறவிடக் கூடாது, குறிப்பாக வாய், கருப்பைவாய்ப் புற்றுநோய்களில். இடைவெளி விழுந்தால் பலன் குறைகிறது. ஊர்த் திருவிழாவோ கல்யாணமோ இருந்தால் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வெளியிலிருந்து கதிர் வாங்கியவரின் உடம்பில் கதிர் தங்காது. பேரன் பேத்தியைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். கருப்பைவாய்க்கு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சிலும், கருவியை எடுத்ததும் பெரும்பாலும் மிச்சம் இருக்காது. தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் மட்டும் வேறு. அதற்குச் சில நாள் தனியாக இருக்கச் சொல்வார்கள், அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

மாத்திரையும் இலக்கு மருந்தும்

ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரை உண்டு. மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமாக்சிஃபென், நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்றவை. ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. விலை குறைந்த சின்ன மாத்திரை என்பதால் ஒரு வருடத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்யாதீர்கள், நோய் திரும்பி வராமல் தடுப்பதில் இதன் பங்கு மிகப் பெரிது. டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு மாதவிடாய் நின்றபிறகு ரத்தம் பட்டால் உடனே சொல்ல வேண்டும். லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும். அதற்குப் பரிசோதனையும் கால்சியமும்.

ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து. அந்தப் புரதத்தையே குறிவைப்பதால் இதை இலக்கு மருந்து என்பார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்றாக, பொதுவாக ஒரு வருடம். ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பம் நினைத்தே பார்க்க முடியாத விலை. இந்திய நிறுவனங்கள் அதற்கு இணையான மருந்தைத் தயாரிக்கத் தொடங்கியபின் விலை வெகுவாக இறங்கியது. நாள்பட்ட ஒரு வகை ரத்தப் புற்றுநோயான சி.எம்.எல்.லுக்கு வரும் இமாடினிப் மாத்திரையின் கதையும் அதே போன்றது. அதற்கு வெளிநாட்டு நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதனால் இன்றும் குறைந்த விலையில் கிடைக்கிறது. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வரும் சி.எம்.எல். நோயாளிகள் நம்மிடையே ஏராளம்.

இம்யூனோதெரபி என்பது நம் எதிர்ப்பு செல்களுக்குப் போட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிட்டு அவற்றைப் புற்றுநோயோடு மோத விடும் மருந்து. 2018இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு. சில நுரையீரல், தோல், சிறுநீரகப் புற்றுநோய்களில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது. எல்லோருக்கும் பயன்படாது, பல வகைகளில் பரிசோதனை செய்துதான் கொடுப்பார்கள், விலையும் அதிகம். 'எதிர்ப்பு சக்தி பவுடர்' என்று விற்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வரிசை ஏன் மாறுகிறது

ஓ.பி.யில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு நம் சிகிச்சையை ஒப்பிட்டுக் குழம்புவது எல்லோருக்கும் நடக்கும். வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன், தேவைப்பட்டால் பிறகு ரேடியேஷன். கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் இருந்தால் ஆபரேஷன்; சற்றுப் பரவியிருந்தால் ஆபரேஷனே இல்லாமல் ரேடியேஷன், கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, கடைசியில் உள்கதிர்வீச்சு. அது கைவிட்ட நோயாளிக்குக் கொடுப்பதில்லை, குணப்படுத்தவே கொடுப்பது. மலக்குடலுக்குப் பல நேரம் ரேடியேஷனும் கீமோவும் முதலில், ஆபரேஷன் பிறகு. ரத்தப் புற்றுநோயான லுகேமியா, நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமா இரண்டிலும் பொதுவாகக் கத்திக்கு வேலை இல்லை; கீமோதான் அடிப்படை, சிலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றம்.

பணமும் பயணமும்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பயன்படுத்தலாம். கார்டு இல்லை என்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். இலவச எண் 1800 425 3993. சிகிச்சை தொடங்கிப் பணம் கட்டியபின் கார்டைக் காட்டினால் பயன் குறைவு, முதல் நாளே காட்டுங்கள்.

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினார். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். டாக்டர் வி. சாந்தா 1955இல் சேர்ந்து, 2021இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஏழைகளுக்கும் சரியான சிகிச்சை கிடைக்கும் இடம் அது. கூட்டம் இருக்கும், காலையில் சீக்கிரம் போக வேண்டும்.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கி டிக்கெட் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

நாட்டு மருந்து பற்றி யாராவது சொன்னால்

கட்டாயம் சொல்வார்கள். நித்தியகல்யாணிச் செடியைப் பற்றி எங்களுக்கு மட்டும் நாலு பேர் சொன்னார்கள். அந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகளை எடுத்தார்கள் என்பது உண்மை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் வின்கிறிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. ஆனால் அது மில்லிகிராம் கணக்கில் அளந்து நரம்பில் போடுவது. வாசலில் நிற்கும் செடியை அரைத்துக் குடித்தால் எவ்வளவு விஷம் உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கீமோ நடக்கும்போது கஷாயம், லேகியம், பஸ்பம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் தொடாதீர்கள். கல்லீரல் கெட்டு அடுத்த தவணையைத் தள்ளிப்போட வேண்டி வரும். எனக்கு மனசு கொதிக்கும் விஷயம் இது: முதல் ஸ்டேஜில் வந்து, ஆறு மாதம் வேறு மருந்து சாப்பிட்டுவிட்டு, நான்காம் ஸ்டேஜில் திரும்பி வந்த ஒரு தங்கச்சியை வார்டில் பார்த்தேன். இரண்டு சின்னப் பிள்ளைகள்.

வலியைத் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டாம்

வலி தணிப்புச் சிகிச்சை என்றதும் கடைசிக் கட்டம் என்று எண்ணுகிறோம். வலி, மூச்சுத் திணறல், தூக்கமின்மை எதுவானாலும் முதல் நாளிலிருந்தே கேட்கலாம், மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்தே. கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை தருவார்கள். மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் அடிமையாக்கிவிடும் என்ற பயம் தேவையில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

சிகிச்சை முடிந்தபிறகு

கடைசி ரேடியேஷன் அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு ஃபைலை பரணில் போட்டுவிடாதீர்கள். எந்த மருந்து, எத்தனை தவணை, எவ்வளவு கதிர் என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் பத்து நகல் எடுத்து வையுங்கள். பல வருடம் கழித்து வேறு எதற்காக டாக்டரைப் பார்த்தாலும் அது வேண்டும். மார்பகத்துக்கு முதல் சில வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை, மற்ற மார்புக்கு ஆண்டுக்கு ஒரு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. இடையில் புதிதாகக் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் விடாத முதுகு வலி, காரணமில்லாத இருமல், எடை குறைவு, மஞ்சள் காமாலை, விடாத தலைவலி என்று எது வந்தாலும் அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.